சங்கத்துக்கு ஒரு காமிரா

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் விடுதியில் உள்ளவர்களில் பெரும்பாலோருடைய கைப்பேசி, நான் இங்கே சிபாரிசு செய்யப் போகும் காமிராவைக் காட்டிலும் நல்ல படம் எடுக்கும். பொழுது சாய்ந்த பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். இருந்தும் நம் தமிழ் மாணவர் சங்கம் தன் பணத்தைப் போட்டு இப்படி ஒரு காமிராவை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி. முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றுகிறதல்லவா? நண்பர்கள் கொஞ்சம் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

காமிராவின் பெயர் கானன் இக்ஸஸ் 185. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. காமிரா என்ற ஏணியில் இது கடைசிப்படி. முதன்முதலாகக் காமிரா பிடிக்கிறவர்களுக்கென்றே செய்யப்பட்டது. இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்காக டில்லிவாழ் அன்பர் ஒருவர் இதை நமக்கு இரவல் தந்தார். விழா முடிந்த பிறகும், "இருக்கட்டும், அவசரமில்லை" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதால் மூன்று வாரம் என் கையிலேயே இருந்தது.

பேட்டரியோடு சேர்த்து எடை சுமார் 126 கிராம். சட்டைப்பையில் போட்டால் பை தொங்குவதில்லை. மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன முனகலுடன் ஆமை தலையை நீட்டுவதுபோல் லென்ஸ் வெளியே வருகிறது. இந்த முனகல் இருக்கிறதே, அது ஒரு மந்திரம். அதைக் கேட்ட மாத்திரத்தில் நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார்கள், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்டுகிறார்கள். கைப்பேசியைத் தூக்கினால் யாரும் இவ்வளவு மரியாதை காட்டுவதில்லை. பேசுகிறானா, படம் பிடிக்கிறானா, பரீட்சை முடிவு பார்க்கிறானா என்று யாருக்குத் தெரியும்?

முதுகில் உள்ள திரை 2.7 அங்குலம். அதில் உள்ள புள்ளிகள் 2 லட்சத்து 30 ஆயிரந்தான். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. ஆகவே வெட்டவெளியில், நண்பகல் வெயிலில், படத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் தலை வெட்டுப்பட்டது என்பதெல்லாம் அனுமானப் பிரமாணமே. எடுத்த படத்தை இந்தத் திரையில் பார்த்துவிட்டு யாரும் மனம் தளர வேண்டாம். கணிப்பொறியில் போட்டுப் பார்த்தால் அதே படம் இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறது.

இனி, இதன் பலவீனத்தைப் பார்ப்போம். ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் அகலம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உயரம் நாலரை மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பை எடுத்து வைத்தால் ஏறக்குறைய மூடிவிடும். இந்தத் துவரம்பருப்பளவு இடத்தில் 2 கோடி புள்ளிகளை நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். நம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டி தோற்றது, போங்கள்! ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் சொற்பம். தொழில்முறைப் படக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய காமிராவின் சில்லு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் இதைப்போல் 30 மடங்கு. இக்காலத்து நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றின் சில்லுகூட இதைவிடப் பெரியது. மேலும், கைப்பேசி தந்திரசாலி. நீங்கள் ஒருமுறை தொட்டால் அது சத்தமில்லாமல் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து, இருட்டைத் துடைத்துக் கொடுத்துவிடும். இந்தக் காமிராவோ அப்பாவி. ஒரு தடவை அழுத்தினால் ஒரு படம். பொங்கலன்று மாலை, குழல்விளக்கு வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் நான் எடுத்த பட்டிமன்றப் படங்களில் நடுவரின் வெள்ளை வேட்டி ரவை தூவியதுபோல் இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றி ஒரு செய்தி. பௌதிக மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஏனையோருக்காகச் சொல்கிறேன். சில்லின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறந்தான் தெரியும். சிவப்போ, பச்சையோ, நீலமோ ஏதாவது ஒன்று. கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் வகுத்து, 1976-ல் காப்புரிமை பெற்ற முறை இது. மனிதக் கண் பச்சையை நுட்பமாகப் பார்க்கும் என்பதால் பாதிப் புள்ளிகளைப் பச்சைக்குக் கொடுத்தார். அந்தக் கணக்குப்படி இந்தக் காமிராவின் 2 கோடியில் 1 கோடி பச்சை, 50 லட்சம் சிவப்பு, 50 லட்சம் நீலம். மீதி வண்ணமெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பியவை! நம் பொங்கல் கோலத்தின் காவிக்கரை இவ்வளவு அழகாக வந்திருக்கிறதே என்று வியந்தவர்கள், அதில் பெரும்பங்கு கணக்கே என்பதை அறிந்து மேலும் வியக்கலாம்.

சரி, இதற்கு நன்மையே இல்லையா? இருக்கிறது. ஒன்று, ஃப்ளாஷ். கைப்பேசியில் உள்ளது கைவிளக்கு. இதில் உள்ளது மின்னல். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடித்து ஓய்ந்துவிடுகிறது. ஒயிலாட்டத்தில் கைக்குட்டைகள் மேலே எழும்பிய கணத்தை இது அப்படியே நிறுத்திக் காட்டியது. அதே ஆட்டத்தை அதே இடத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த தம்பிக்குக் கிடைத்தவை வால்நட்சத்திரங்கள். ஆனால் இந்த மின்னல் சில மீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது.

இன்னொன்று, 8 மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸ். இது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் போலி நெருக்கமன்று. கண்ணாடி நகர்ந்து செய்கிற வேலை. வடக்கு ரிட்ஜில், 1828-ல் வெள்ளைக்காரர் கட்டிய கொடிக்கோபுரத்தருகே ஒரு தாய்க்குரங்கு குட்டிக்குப் பேன் பார்ப்பதை மிகத் தள்ளி நின்று எடுத்தேன். அக்குரங்குகளின் குணம் அறிந்தவர்கள் இந்தத் தூரத்தின் அருமையை உணர்வார்கள். முழுவதும் நெருக்கினால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது; கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸில் வசதியும் இல்லை. ஆகையால் இது பகற்பொழுதுக்கான வித்தை. சலனப்படம் 720 கோட்டு அளவோடு நின்றுவிடும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

இவ்வளவுதான் காமிரா. இதை மட்டும் எடைபோட்டால் எதிர்க்கட்சியே வெல்லும். சென்ற பொதுக்குழுவில், "ஆளுக்கொரு காமிரா பையில் இருக்க, காமிரா வாங்கக் கூட்டமா?" என்று கேட்ட நண்பருக்குக் கிடைத்த கைதட்டல் நியாயமானதே. ஆனால் அந்த நண்பரை நான் ஒன்று கேட்கிறேன். சென்ற ஐந்தாண்டுகளில் நம் சங்கம் நடத்திய விழாக்களின் படங்கள் எங்கே?

இம்மலருக்காகச் சங்க வரலாற்றுப் பக்கம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு பழைய உறுப்பினர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டது. ஒவ்வொரு விழாவிலும் நூறு கைகள் கைப்பேசியைத் தூக்குகின்றன; ஐந்தாண்டுக்கு எத்தனை ஆயிரம் படம் இருக்கவேண்டும்! வந்து சேர்ந்தவை ஏழு. அந்த ஏழில் நாலு, அச்சில் ஏற்ற முடியாத தபால்தலைகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகளும் கழன்றுவிடுகின்றன. மிஞ்சிய மூன்றில் ஒன்று பாரதி விழா என்கிறார் ஒருவர். இல்லை, வழியனுப்பு விழா என்கிறார் மற்றொருவர். படத்தில் நடுவில் நிற்கும் பெரியவர் யார் என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் நம் அழைப்பை ஏற்று, நம் மேடையில், நமக்காக ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை.

மற்றவை என்ன ஆயின? படிப்பை முடித்தவர்களோடு போயின. ஒருவர் கைப்பேசி ரயிலில் களவு போனது. மற்றொருவர் புதிது வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்துவிட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தன் கைப்பேசியில் உள்ளது தன் சொத்து என்று அவர் நினைத்தார், அது இயற்கை.

"இணையத்தில் பொதுக்கணக்கு ஒன்று திறந்து எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால் போதாதா?" என்பார்கள். முன்பு திறந்துதான் இருந்தோம். அதன் கடவுச்சொல் எந்த ஆண்டுக் காரியதரிசியோடு எந்த ஊருக்குப் போயிற்று என்பதை இன்றைய காரியதரிசி இன்னும் துப்பறிந்துகொண்டிருக்கிறார். இரண்டாண்டு யாரும் நுழையாத கணக்குகளை நீக்கிவிடலாம் என்று கூகிள் 2023-ல் விதி செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு செயற்குழு அசட்டையாக இருந்தால் போதும்.

"அப்படியானால் எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் படத்தை வாங்கி ஒரு பெட்டியில் சேர்த்து வையேன், அதற்கு ஏன் காமிரா?" என்று கேட்டார் என் அறை நண்பர். செய்து பார்க்கட்டும். கைப்பேசி என்பது இன்று ஒருவருடைய அந்தரங்க அறை. காதல் கடிதமும் கடன் கணக்கும் அதற்குள்தான். அதைக் கொண்டுவந்து சங்கத்துக் கணிப்பொறியில் சொருகு என்று யாரிடமும் உரிமையோடு கேட்க முடியாது. "அனுப்புகிறேன் அண்ணா" என்பார்கள். அனுப்ப மாட்டார்கள். காமிராவில் அந்தச் சங்கடம் இல்லை. அது சங்கத்துடையது, அதனுள் இருக்கும் கார்டும் சங்கத்துடையது. விழா முடிந்ததும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அதோடு, காமிராவைக் கையில் கொடுத்து, "இன்றைக்கு நீதான் போட்டோக்காரன்" என்றால் ஒரு முதலாண்டு மாணவனுக்கு அது பதவி. வந்த பெரியவரையும் எடுப்பான், நாற்காலி அடுக்கியவனையும் எடுப்பான். கைப்பேசிக்காரன் தன் நண்பர்களை எடுப்பான். அதற்குப் பிறகு தன்னை எடுப்பான்.

நம் மாணவியர் கூறிய ஒன்றை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. விழாவில் முன்பின் தெரியாதவர்கள் கைப்பேசியை நீட்டும்போது, இந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எதனோடு சேர்த்து ஒட்டுவார்கள் என்ற அச்சம் இருக்கிறது என்றார்கள். இந்தக் கவலை இட்டுக்கட்டியதன்று. செய்தித்தாள் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் காமிரா என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். எந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்வது என்றும் தெரியும். இந்த 185-க்கு வைஃபை வசதி கிடையாது. இதைக் குறையென்று கடைக்காரர் சொல்வார். நம் காரியத்துக்கு இது கதவில் உள்ள தாழ்ப்பாள்.

இப்போது மெஸ்ஸுக்குப் போவோம். நம் மெஸ்ஸில் சப்பாத்தி இடுகிறவர் கடுவால் மலைப்பக்கத்துக்காரர். பொங்கலன்று வெண்பொங்கல் கிண்ட நம்மவர்க்குக் கை கொடுத்தவர் அவர். நெய் எவ்வளவு விடவேண்டும் என்ற தகராறில் நம்மவர் இருவரையும் சமாதானப்படுத்தியவரும் அவரே! கரண்டியும் கையுமாக நின்றவரை நான் எடுத்தேன். லென்ஸ் முனகியதும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ராணுவ வீரரைப்போல் நின்றார். எடுத்து முடித்ததும், "பையா, இது காகிதத்தில் வருமா?" என்று ஹிந்தியில் கேட்டார். வரும் என்றேன். அவர் சிரித்தார். பதினோரு ஆண்டாக இங்கே இருக்கிறாராம். ஒவ்வோராண்டும் பையன்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்களாம், அனுப்புகிறேன் என்கிறார்களாம். ஊரில் உள்ள தாயார், மகன் எங்கே நின்று வேலை செய்கிறான் என்று பார்க்க ஒரு படம் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அந்த அம்மாளிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி.

மறுநாள் கமலா நகர்க் கடையில் நாலு பிரதி போட்டுக் கொடுத்தேன். கைப்பேசியில் எடுத்திருந்தாலும் பிரதி போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். பதினோரு ஆண்டில் ஒருவரும் போடவில்லை. கார்டைக் கழற்றிக் கடையில் கொடுப்பது ஒரு வேலை. அந்த வேலைக்கு ஒரு ஆள் இருந்தான். அதுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு தவறான வாதத்தை ஒதுக்கிவிட விரும்புகிறேன். என் பக்கத்து வாதம்தான், ஆனாலும் ஒதுக்குகிறேன். "பழைய காலத்தில் எண்ணி எண்ணிப் படம் எடுத்தார்கள், அதில்தான் கலை" என்று சிலர் உருகுகிறார்கள். பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 என்ற காமிரா அந்நாளில் நடுத்தரக் குடும்பங்களின் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படம். பிலிமுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக்கூடாது என்று 1960-ல் நம் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அந்தக் காலத்தார் எண்ணி எடுத்தது கலைக்காக அல்ல, காசுக்காக. பஞ்சத்தைப் பண்பாடாக்க வேண்டியதில்லை. இந்தக் காமிராவில் ஒரு பேட்டரி ஏற்றத்துக்குச் சுமார் 210 படம் எடுக்கலாம். தாராளமாக எடுப்போம், பிறகு கழிப்போம். இலக்க முறையின் பெருமையே அதுதானே? 1975-ல் கோடக்கில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்த முதல் இலக்கக் காமிரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. 100-க்கு 100 என்று பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி. அங்கிருந்து புறப்பட்டுச் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஏழைக் கோலம் கட்டுவானேன்?

அதே மூச்சில் இப்போதைய மோகத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-ல் உலகச் சந்தைக்குப் போன இலக்கக் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் அது 80 லட்சங்கூட இல்லை. கைப்பேசி விழுங்கிவிட்டது. விழுங்கியதை இப்போது இளைஞர்கள் கக்க வைக்கிறார்கள். பழைய சிறு காமிராவின் மங்கலும் ஃப்ளாஷ் வெளுப்பும் ஒரு நாகரிகமாகிவிட்டன. 2016-ல் வந்த இக்ஸஸ் 285-ஐக் கானன் 2025-ல் சிற்சில மாற்றங்களுடன் மறுபடி வெளியிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் பலன், அலமாரியில் தூங்கிய பண்டங்களுக்கு யானை விலை. சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்னும் காமிராச் சந்துக்குப் போயிருந்தேன். விசுவவித்தியாலய மெட்ரோ நிலையத்திலிருந்து நாலாவது நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு கடையில், மூலை நசுங்கி, பேட்டரி மூடி நூலால் கட்டப்பட்ட காமிராவுக்குச் சொன்ன விலையில் நம் சங்கம் இன்னொரு பொங்கல் விழா நடத்திவிடலாம். "அமெரிக்க நடிகைகள் இதுதான் வைத்திருக்கிறார்கள்" என்று விளக்கமும் தந்தார். நடிகைகள் வைத்திருக்கட்டும்.

ஆகவே என் யோசனை இது. இரவல் தந்த அன்பரே, வேண்டுமானால் இதை நியாயமான விலைக்குச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். வாங்குவோம். கிடைக்காவிட்டால் இதே தரத்தில் வேறொன்று; பெயர் முக்கியமன்று. வாங்கும்போது லென்ஸ் தடையின்றி நீண்டு உள்ளே போகிறதா, ஃப்ளாஷ் அடிக்கிறதா, அந்தப் பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே தூசி இருப்பது தெரிந்துவிடும். முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொங்கல் ஆடியில் நடந்ததாகப் பதிவாகும்.

ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு முதலாண்டு மாணவரோ மாணவியோ படப்பொறுப்பு. மறுநாளே கார்டு இரண்டு இடங்களில் பிரதி எடுக்கப்பட வேண்டும்: சங்க அலமாரியில் ஒன்று, நம் ஆலோசகரான பேராசிரியர் வசம் ஒன்று. பருவத்துக்கு இருபது படங்களைக் காகிதத்தில் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவோம். பின்புறம் பென்சிலால் தேதியும், இடமிருந்து வலமாகப் பெயர்களும். சமையற்காரர், காவற்காரர், ஒலிபெருக்கிக்காரர் பெயர்களும் சேர்த்துத்தான். படத்தில் உள்ளவர் கேட்டால் ஒரு பிரதி இலவசம். இதற்குப் பொருளாளர் முகம் சுளிக்கக்கூடாது. சந்தாவில் தலைக்கு ஐம்பது ரூபாய் கூட்டினால் சரிக்கட்டிவிடலாம் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆல்பம் ஒன்றை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பொங்கல் படங்கள் ஆறு ஒட்டியாகிவிட்டது. நாலாவது படத்தில் வலது ஓரத்தில், கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற மாணவியின் பெயர் மட்டும் இன்னும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் அல்லது அவரே சங்க அறைக்கு வந்து சொன்னால் நலம்.